பதினாலு தாளுக்கு ஒரு சீல்

அந்தப் பத்திரிகைக்காரர் மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் தீரவில்லை. தீர வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதும் இல்லை. சேலையூர் பக்கம் வேலையாகப் போனால்கூட அவர் தெருவை விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டுதான் போவேன். பயந்து அல்ல. அவர் கேட்டைத் திறந்துகொண்டு நிற்பதைப் பார்த்தால் என் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்கே தெரியாது.

நான் இருபத்தாறு வருஷம் நேஷனல் பர்மிட் லாரி ஓட்டியவன். பள்ளிக்கூடம் போனதில்லை. எழுத்துப் படித்ததெல்லாம் மைல்கல்லில். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் ஊர்ப் பெயரைச் சொல்வான், கல் வரும், எழுத்தின் உருவத்தைக் கண்ணில் பிடித்துக்கொள்வேன். செங்கல்பட்டில் 'செ' வந்தது, தாம்பரத்தில் 'தா' வந்தது. நெல்லூர்ப் பக்கம் போனால் எழுத்தெல்லாம் தலைப்பாகை கட்டிக்கொள்ளும். ஒரிசாவுக்குள் போனால் எல்லா எழுத்தும் குடை பிடித்துக்கொண்டு நிற்கும். ஊர்ப் பெயர் என்றால் ஐந்து பாஷையில் படிப்பேன். பேப்பரில் நாலு வரிச் செய்தி என்றால் விரல் வைத்துத்தான் படிக்க முடியும், அதற்குள் டீ ஆறிவிடும்.

கண்ணில் புரை விழுந்ததும் வண்டியை விட்டேன். பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில் வீடு. ஏரி என்று பெயர்தான், அந்த வருஷங்களில் பாதி ஏரியில் கம்பி நட்டு மனை போட்டிருந்தார்கள். அதையும் திட்ட வேண்டியதுதான், ஆனால் அது வேறு கதை.

கிழக்குத் தாம்பரத்தில், ஸ்டேஷன் படிக்கட்டு இறங்குகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு முஸ்லிம் பெண் கம்ப்யூட்டரில் தமிழ் அடித்துக் கொடுக்கிற கடை வைத்திருந்தாள். புருஷனுக்குப் பல்லாவரத்தில் தோல் வியாபாரம். கல்யாணப் பத்திரிகை, வாடகைப் பத்திரம், மனு, எல்லாம் அடிப்பாள். ரேஷன் கார்டில் பெயர் மாற்ற மனு எழுதப் போய்ப் பழக்கம். மனு ஒரு பக்கம்தான், நான் பேசியது ஒரு மணி நேரம். அந்த வழக்கத்தில் வாரத்துக்கு இரண்டு மத்தியானம் அங்கே போய் உட்கார்ந்துகொள்வேன்.

ஒருநாள் அவள் ஒரு புத்தகத்தின் பக்கங்களை அடித்துக்கொண்டிருந்தாள். பயணத்தைப் பற்றி மட்டும் எழுதுகிற இலக்கியப் பத்திரிகையாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருமாம். பாங்கில் இருந்து ரிட்டயரான ஒருவர் சேலையூரில் தன் வீட்டிலிருந்தே நடத்துகிறார். கடைசிப் பக்கத்தில் இருந்த அறிவிப்பை அவளே வாசித்துக் காட்டினாள். உங்கள் பயண அனுபவங்களை அனுப்புங்கள். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். படைப்பைச் செம்மைப்படுத்த ஆசிரியருக்கு உரிமை உண்டு.

"அண்ணா, நீங்க போகாத ஊரா. எழுதிப் போடுங்களேன்."

"எனுக்கு எளுதத் தெரியாதும்மா."

"பேசத் தெரியும்ல. பேசிப் பேசித்தானே என் காதை ஓட்டை போட்டீங்க. நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன். மத்தியானத்துல ஈ ஓட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்."

அன்றைக்குச் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. ஊர் பார்த்த கதை அல்ல.

எனக்கு மாத்து டிரைவராக ஒருவன் எட்டு வருஷம் கூட ஓட்டினான். பெருங்களத்தூர்க்காரன். நான் தூங்கினால் அவன் ஓட்டுவான், அவன் தூங்கினால் நான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருந்ததைக் கூட்டிப் பார்த்தால் ஒரு வருஷம்கூடத் தேறாது, ஆனாலும் அவனை எனக்குத் தெரிகிற மாதிரி இன்னொருத்தனைத் தெரியாது.

ஒரு தடவை சிலிகுரிக்கு மின்விசிறிப் பெட்டி ஏற்றிக்கொண்டு போனோம். குடோனில் அவன் நின்று பெட்டிகளை இறக்கினான். நான் திரும்பி வருவதற்கு லோடு பிடிக்க ஏஜென்டிடம் போனேன். தேயிலை ரெடி, உடனே வந்தால் உண்டு, விட்டால் நாலு நாள் காத்துக் கிடக்க வேண்டும் என்றான். ஓடி வந்தேன். பெட்டி எல்லாம் இறங்கியிருந்தது, சலானில் மட்டும் சீல் ஆகவில்லை. சரக்கு முழுசாக வந்தது என்று அவர்கள் சீல் அடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற தாள் அது. லாரிக்காரனுக்கு அதுதான் உயிர். சீல் வைத்திருக்கிற ஆள் சாப்பிடப் போயிருந்தான்.

"இருப்போம்பா, வந்துடுவான்" என்றான் இவன். "சீல் இல்லாம வண்டிய எடுக்க வாணாம்."

"சீலு எங்கியும் ஓடாது, தேயில ஓடிடும். தபால்ல வாங்கிக்கலாம், ஏறு" என்றேன். நான்தான் முதல் டிரைவர். அவன் ஏறினான்.

ஊருக்கு வந்து சேர்ந்த பத்தாம் நாள், பதினேழு பெட்டி குறைகிறது என்று சிலிகுரியிலிருந்து தகவல் வந்தது. இறக்கும்போது யார் நின்றது என்று ஓனர் கேட்டார். அவன்தான் நின்றான் என்றேன். அது பொய் இல்லை. அதற்கு மேல் என் வாய் திறக்கவில்லை. குடித்துவிட்டுப் பெட்டியை விற்றுவிட்டான் என்று ஓனரே முடிவு கட்டினார். நான் பக்கத்தில் நின்றுகொண்டு என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீல் வேண்டாம் என்று சொன்னது நான் என்று அவனும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எந்த லாரி ஆபீஸும் அவனை ஏற்றவில்லை. தண்ணீர் லாரி ஓட்டினான், அப்புறம் கல் குவாரியில் டிப்பர். ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அவன் பெண்டாட்டிக்கு அன்று வரைக்கும் தன் புருஷன் குடித்துவிட்டு வேலையைத் தொலைத்தவன்.

இதை அவளிடம் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. புத்தகத்தில் வந்தால் யாராவது படிப்பார்கள், அவள் காதுக்கும் போகும், நான் எதிரில் நிற்க வேண்டியதில்லை. இதுதான் என் கணக்கு.

ஆறு மத்தியானம் உட்கார்ந்து சொன்னேன். பதினாலு தாள் வந்தது. முதல் ஒன்பது தாளும் ரோடு. கோதாவரிப் பாலத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டால் வருகிற காற்று, பாலசோரில் தாபாக்காரன் எங்களுக்காக மட்டும் போடுகிற புளி ரசம், பராக்கா அணையில் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற நிலை. கடைசி ஐந்து தாள் சிலிகுரி குடோனும் அதற்குப் பிறகு நடந்ததும். அந்த ஐந்து தாள் அடிக்கும்போது அந்தப் பெண் ஒரு கேலியும் பேசவில்லை. முடிந்ததும், "அந்தக்கா இன்னும் இருக்காங்களா அண்ணா?" என்று மட்டும் கேட்டாள்.

தபாலில் போடலாம் என்றாள். நான் நேராக எடுத்துக்கொண்டு சேலையூர் போனேன். இரண்டு செட்.

வாசலில் நாய். அந்த மனிதர் வெளியே வந்து தாளை வாங்கிக்கொண்டு, "சரி, பார்க்கிறேன்" என்று உள்ளே திரும்பினார்.

"சார், இந்த செட்டுல ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க."

"எதுக்கு?"

"பதினாலு ஷீட்டு, கிளிசல் இல்லாம வாங்கிகினேன்னு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளே பார்த்துத் தன் மனைவியைக் கூப்பிட்டார். "இங்க வந்து பாரேன். இத்தனை வருஷமா பத்திரிகை நடத்துறேன், எழுத்தைக் குடுத்துட்டு டெலிவரி ரசீது கேட்கிற முதல் எழுத்தாளர் இவர்தான்." அந்த அம்மாள் எட்டிப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிக்கிற விஷயமாகத் தெரியவில்லை. சிலிகுரிக்குப் பிறகு சீல் வாங்காமல் நான் ஒரு பொருளையும் யார் கையிலும் கொடுத்ததில்லை. என் மகள் கல்யாணத்துக்குச் சமையல் பாத்திரம் வாடகைக்கு எடுத்தேன், திருப்பிக் கொடுத்தபோது கரண்டி வரைக்கும் எண்ணிக் கையெழுத்து வாங்கினேன். சம்பந்தி வீட்டார் அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

விளையாட்டாகவே கையெழுத்துப் போட்டார். பத்திரிகையின் சீலையும் கொண்டுவந்து அழுத்தினார். சீலில் ஒரு பாய்மரக் கப்பல் இருந்தது. "பதினான்கு தாள்கள் பெறப்பட்டன, நல்ல நிலையில்." நல்ல நிலையில் என்று அவரேதான் சேர்த்தார்.

மூன்று மாதம் கழித்துப் புத்தகம் வந்தது. தலைப்பு, "பனிமலையை நோக்கி ஒரு லாரி". கீழே என் பெயர். முதல் பக்கத்தை விரல் வைத்துப் படித்தேன், பாலம் இருந்தது, ரசம் இருந்தது. பிறகு ஏதோ ஒரு மலை வந்தது. சூரியன் உதிக்கும்போது சிகரம் பொன்னாக மாறியதாம், நான் வண்டியை நிறுத்திக் கையெடுத்துக் கும்பிட்டேனாம். நான் மலை ஏறியதே இல்லை. சிலிகுரி அடிவாரம். நாங்கள் போனபோது ஒரே மேகம், எதிரில் நிற்கிற லாரியின் பின்பக்கம் தவிர வேறு ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கும்பிடோடு கதை முடிந்துவிட்டது. குடோன் இல்லை. சீல் இல்லை. அவன் இல்லை.

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். அடித்தவள் அவள்தானே.

"நீயே வெட்டிட்டியாம்மா."

"அவர் பேனாவால குறுக்கே கோடு போட்டுக் குடுத்தார். கோடு போட்டதை எடுக்கிறதுதான் என் வேலை அண்ணா. போன் பண்ணிக் கேட்டேன், இது முக்கியமான இடமாச்சே சார்னு. 'நீங்க டைப் பண்ணுங்கம்மா, எடிட்டிங் நான் பார்த்துக்கிறேன்'னார்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லி இருக்கலாம் இல்ல?"

"சொன்னா அன்னைக்கே சண்டைக்குப் போயிருப்பீங்க. இப்ப மட்டும் போகாம இருக்கப் போறீங்களா?" என்றாள். அவள் மேலும் எனக்குக் கோபம்தான். ஒரு வாரம் அந்தப் பக்கம் போகவில்லை.

சேலையூருக்கு அன்றைக்கே போனேன். என் சட்டைப் பையில் கப்பல் சீல் போட்ட தாள்.

"பெரியவரே, வாங்க வாங்க. பார்த்தீங்களா, பேர் அச்சுல வந்திருக்கு" என்றார்.

"சார், பதினாலு ஷீட்டு வாங்கிகினேன்னு நீங்க கையெழுத்து போட்டு கீறீங்க. ஒம்போது ஷீட்டுதான் டெலிவரி ஆயி கீது. பாக்கி அஞ்சு எங்க?"

முதலில் அவருக்குப் புரியவில்லை. தாளை எடுத்து நீட்டியதும் முகம் மாறியது. "இதோ பாருங்க, எடிட்டிங்னு ஒண்ணு இருக்கு. கடைசி அஞ்சு பக்கம் ஒரு குடோன் தகராறு. அது டிராவலே இல்ல."

"நான் ஏத்தாத சரக்கு வேற கீதே இதுல. அந்த மல யாரோடது?"

"ரீடர்ஸுக்கு ஒரு அனுபவம் வேணும். சிலிகுரின்னு சொல்லிட்டு டார்ஜிலிங்கைக் காட்டாம விட்டா எப்படி? நான் போயிருக்கேன், அதனால சேர்த்தேன். உங்களுக்கு நல்லதுதானே பண்ணினேன்."

"நான் அத்த பாக்கவே இல்ல சார்."

"அதான் சொல்றேன். நீங்க அங்க வேலைக்குப் போனீங்க. அது வேற, பயணம்ங்கறது வேற."

இந்த ஒரு வார்த்தைக்காக அவரை நான் மன்னிக்க மாட்டேன். அவர் போன பயணம் எனக்குத் தெரியாதா. ஏசி பஸ்ஸில் உட்கார்ந்து, கூடவே சமையல்காரன் வந்து சாம்பார் ஊற்ற, எட்டு நாளில் எட்டு ஊரை எட்டிப் பார்த்துவிட்டு வருவது பயணம். ராத்திரி ராத்திரியாக முதுகுத் தண்டு தேய ஓட்டி, போலீஸ்காரனிடம் கன்னத்தில் வாங்கி, வழியில் செத்துப்போன கிளீனரை இறக்கி எரித்துவிட்டு வண்டி எடுத்தவன் போனது வேலை. அவர் வீட்டு ஹாலில் சுழல்கிற ஃபேன்கூட எவனாவது லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியதுதான். இதை எல்லாம் அவரிடம் சொன்னேன். இவ்வளவு ஒழுங்காகச் சொல்லவில்லை. நடுவில் கெட்ட வார்த்தையும் வந்தது. நாய் குரைத்தது. பக்கத்து வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள்.

"அடுத்த புக்குல அந்த அஞ்சு ஷீட்டப் போடுங்க. அது போதும்" என்றேன்.

"முடியாது. பத்திரிகை என்னோடது."

"அதுல ஒருத்தன் பேரு கெட்டுக் கெடக்குது சார். அவன் சம்சாரம் இன்னும் உயிரோட கீது."

அவர் கேட்டில் கை வைத்துக்கொண்டு நின்றார். கோபத்தில் மூச்சு வாங்கியது அவருக்கு. பிறகு நிதானமாகக் கேட்டார். "இங்கேருந்து பெருங்களத்தூர் எத்தனை கிலோமீட்டர்? அஞ்சு, ஆறு இருக்குமா? அந்த அம்மாகிட்ட சொல்லணும்னா நீங்களே போய்ச் சொல்லலாமே. அதுக்கு என் பத்திரிகை எதுக்கு?"

தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன். சரியாகக் கேட்டுவிட்டார் என்பதாலேயே அவரை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. தப்பாகப் பேசுகிறவனைத் திட்டிவிட்டுத் தூங்கலாம். இவரைத் திட்டிவிட்டு எனக்கு நாலு நாள் தூக்கம் இல்லை.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அவனுடைய மனைவி தாம்பரம் சானடோரியத்தில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளில் நூல் பிசிறு வெட்டுகிற வேலைக்குப் போகிறவள், ஞாயிறு மட்டும்தான் வீட்டில் இருப்பாள். நான் வைத்திருந்த செட்டிலிருந்து கடைசி ஐந்து தாளை மட்டும் உருவி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு போனேன். பீர்க்கன்கரணையிலிருந்து பெருங்களத்தூர் நடக்கிற தூரம்தான். சிலிகுரிக்குப் போகும்போதுகூட எனக்கு இவ்வளவு களைப்பு இல்லை. ரோட்டைத் தாண்ட அரை மணி நேரம் நின்றேன். லாரி நிறைய என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அவள் குழாயடியில் குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"இன்னா அண்ணே, வராத ஆளு வந்து கீறே. கண்ணு ஆப்பரேசன் பண்ணிகினியா?"

"இன்னும் இல்ல. உங்கிட்ட ஒண்ணு படிக்கக் குடுக்கணும்."

அவள் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். வாசலில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். படியில் உட்கார்ந்து உதடு அசைய அசையப் படித்தாள். நான் எதிரில் நின்றேன். உட்காரச் சொல்ல மறந்துவிட்டாளா, இரண்டாம் தாளுக்குள் வேண்டாம் என்று நினைத்துவிட்டாளா, தெரியாது. நாலாவது தாளில் ஓர் இடத்தில் திரும்பவும் மூன்றாவது தாளுக்குப் போனாள். குடம் சரியாக உட்காராமல் சாய்ந்து, தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வழிந்துகொண்டிருந்தது. நான் நிமிர்த்தி வைக்கப் போனேன்.

"அத்த வுடு" என்றாள்.

முடித்துவிட்டுத் தாளை மடியில் வைத்தாள்.

"சீலு வாணாம் ஏறுன்னு சொன்னது நீயா?"

"ஆமா."

"அந்த ஆளு நிக்கணும்னு சொல்லிச்சா?"

"சொன்னான்."

"குடிக்கலியா?"

"அன்னிக்கு டீ கூட குடிக்கல. லோடு எறக்கி முடிக்கலன்னு பட்டினியா நின்னுகினு இருந்தான்."

அவள் குரல் ஏறவில்லை. "அந்த ஆளு செத்த அன்னிக்குக் காலையில கூட சண்ட. அரிசி இல்லன்னு சண்ட. பெட்டிய வித்துக் குடிச்ச வாய்க்கு சோறு ஒரு கேடான்னேன். ஒண்ணும் பேசாம சைக்கிள எடுத்துகினு போச்சு. ஒவ்வொரு சண்டையிலும் அத்தச் சொல்லித்தான் நான் அதோட வாய அடைப்பேன். உம்பேர ஒரு வாட்டி சொல்லல. நீ மாசா மாசம் தீபாவளி மாதிரி வந்து, பசங்களுக்குப் பிஸ்கோத்து குடுத்துட்டு, அது கூட உக்காந்து பீடி குடிச்சிட்டுப் போனியே. எப்டி உக்காந்தே?"

பிஸ்கெட் வாங்கிக்கொண்டு போனது உண்மை.

"பேனா வெச்சிகினு கீறியா?"

"கீது."

"இந்த அஞ்சுலயும் கையெழுத்து போடு. நாளைக்கி நான் எம் பசங்க கையில காட்டணும். கம்ப்யூட்டர்ல எவ வேணா அடிச்சிக் குடுப்பா. நீ சொன்னதுன்னு தெரியணும்."

அவள் வாசல் படியில் வைத்து ஒவ்வொரு தாளின் அடியிலும் போட்டேன். கையெழுத்து மட்டும் நான் நன்றாகப் போடுவேன், இருபத்தாறு வருஷம் சலானில் போட்ட பழக்கம். அவள் தாளை ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்துக் கவரில் போட்டாள்.

"கெளம்பு" என்றாள். "இனிமே இங்க வராதே. பசங்க இருக்கிறப்ப வந்து நின்னா அவனுங்க கை வெச்சிடுவானுங்க, அப்பறம் எனக்குத்தான் பேஜாரு."

நான் கிளம்பவில்லை. என் கை சட்டைப் பையில் எதையோ துழாவிக்கொண்டிருந்தது. என்ன தேடுகிறேன் என்று எனக்கே ஒரு நிமிஷம் கழித்துத்தான் தெரிந்தது. கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்க ஒரு தாள்.

"இன்னா தேடறே?"

"ஒண்ணும் இல்ல" என்றேன். கையை வெளியே எடுத்துக்கொண்டு நடந்தேன்.